குலுக்கலில் பேர் விழாத சைக்கிள்காரருக்கு

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 41 வயது, மதுரை. ஐந்து வருஷமாக ஞாயிறு தவறாமல் அழகர்கோவில், நத்தம் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். இத்தாலியில் டோலமைட் மலைகளில் நடக்கும் மரத்தோனா என்ற பெரிய சைக்கிள் நிகழ்ச்சிக்கு மூன்று வருஷமாகப் பேர் கொடுத்தும் குலுக்கலில் விழவில்லை. இப்போது ஒரு டிராவல் ஏஜென்ட் 'பிப் நம்பரோடு சேர்த்துப் பேக்கேஜ்' என்று, அதாவது ஓட்டுபவருக்குத் தரும் போட்டி எண்ணையும் சேர்த்து, ஒரு தொகை சொல்கிறார். வாங்கலாமா, இல்லை நமக்குத் தெரியாத குறுக்குவழி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஏற்ற போட்டி உண்டா என்றும் ஒட்டவைத்திருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

மேலே கேட்டிருப்பது இடத்தைப் பற்றி. ஆனால் 'என்னிடம்தான் ஏதோ குறையா?' என்ற சந்தேகம் அடியில் ஓடுவது தெரிகிறது. குறை ஒன்றும் இல்லை, கணக்கு அப்படி. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு உழைக்கலாம், எதற்குப் பணம் கட்டக் கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நான் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிய வேண்டுமே, அதனால் என்னைப் பற்றி இரண்டு வரி. 2011-லிருந்து நெடுந்தூரம் ஓட்டுகிறேன். நேர வரம்புக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணத்தைப் பிரெவே என்பார்கள். 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்களை ஒரே சீசனில் முடித்தால் கிடைக்கும் எஸ்.ஆர். பட்டத்தை, அதாவது சூப்பர் ராண்டனர் என்பதை, ஐந்து முறை வாங்கியிருக்கிறேன். ஓட்டாத வாரங்களில் வழியில் இருக்கும் சோதனை இடத்தில், அதாவது கன்ட்ரோல் மேசையில், உட்கார்ந்து அடுத்தவர் பயண அட்டையில் முத்திரை குத்தியிருக்கிறேன். 2019-ல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற பிரான்ஸ் நாட்டு நெடும்பயணத்துக்குப் போனேன், முடிக்கவில்லை. மரத்தோனாவில் நான் ஓட்டியதில்லை. ஒரே ஒரு முறை பேர் கொடுத்தேன், விழவில்லை, அதோடு சரி. சைக்கிள் விற்பவனும் இல்லை, டூர் நடத்துபவனும் இல்லை.

குலுக்கலை மதுரைக்காரருக்கு விளக்கவே வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணம் பார்க்க 500 ரூபாய், 200 ரூபாய்ச் சீட்டுக்கு ஆன்லைனில் பேர் கொடுக்கிறோம். விண்ணப்பம் கூடிப்போனால் கம்ப்யூட்டர் குலுக்கல். எதிர்வீட்டு அக்காவுக்குப் போன வருஷமும் கிடைத்தது, இந்த வருஷமும் கிடைக்கிறது. நமக்கு ஒருமுறைகூட வராது. அதற்காக அம்மன் நம்மை மறந்துவிட்டாள் என்றா நினைக்கிறோம்? மரத்தோனாவும் இதேதான். 1987-ல் தொடங்கிய நிகழ்ச்சி. ஜூலைத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைச்சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்கு மட்டும் விடுகிறார்கள். பெரிய பாதை 138 கிலோமீட்டர், ஏழு கணவாய்கள், மொத்த ஏற்றம் 4200 மீட்டருக்கு மேல். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு தடவை ஏறுகிறோமே, அதுபோல இரண்டு தடவைக்கும் கூடுதல், ஒரே நாளில். இருப்பது எட்டு, ஒன்பது ஆயிரம் இடங்கள். கேட்பவர்கள் 30,000-க்கு மேல்.

இந்த எண்ணை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். டூர் நிறுவனங்களுக்கும் மற்ற ஒதுக்கீடுகளுக்கும் போனது போக, குலுக்கலில் நான்கில் ஒருவருக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை விழாமல் போக முக்கால் பங்கு வாய்ப்பு. மூன்று முறையும் விழாமல் போக முக்காலை முக்காலால் பெருக்கி, மறுபடி முக்காலால் பெருக்க வேண்டும்: 42 சதவீதம். அதாவது மூன்று வருஷம் தொடர்ந்து பேர் கொடுத்த 100 பேரில் 42 பேர் உங்களைப்போல வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். விதியில் தனிச் சலுகை ஏதும் இல்லாதவரை, நான்காவது வருஷம் மட்டும் உங்கள் வாய்ப்பு தானாகக் கூடிவிடாது. அதே நான்கில் ஒன்றுதான். சில நிகழ்ச்சிகள் தொடர்ந்து தோற்றவர்களுக்குக் கூடுதல் சீட்டோ முன்னுரிமையோ தருவதுண்டு. அந்தந்த வருஷத்து விதியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள். இருந்தால், இடையில் ஒரு வருஷத்தைக்கூட விடாதீர்கள். வேறு வேறு மெயில் ஐடியில் நான்கு முறை பேர் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். பிறந்த தேதியும் பேரும் ஒத்துப்போவதைப் பார்த்து எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். நண்பர்களோடு குழுவாகப் பேர் கொடுத்தாலும் வாய்ப்பு கூடுவதில்லை. விழுந்தால் எல்லோருக்கும், இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. கூட ஆள் இருந்தால்தான் போவேன் என்பவர்களுக்கு மட்டும் அது சரி.

அடுத்த வகைக்குப் பேரே வைக்க வேண்டாம், தட்கல் என்றாலே புரியும். முந்துபவருக்கு இடம். பிரான்ஸில் நடக்கும் லெடாப் து டூர் இந்த ரகம். டூர் து பிரான்ஸ் பந்தயத்தின் ஒரு நாள் பாதையை, அதே வருஷம், நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் ஓட்டுவது. 1993-லிருந்து நடக்கிறது, இப்போது 15,000 பேருக்கு மேல் ஓட்டுகிறார்கள். அக்டோபர் வாக்கில் அடுத்த வருஷப் பாதையை அறிவித்த பின் பதிவைத் திறப்பார்கள். அதன் பிறகு யார் முதலில் பணம் கட்டுகிறாரோ அவருக்கு. இங்கே ராசிக்கு வேலை இல்லை, தயாரிப்புக்குத்தான் வேலை. நான் கோட்டை விட்ட இடமும் இதுவே. பல வருஷத்துக்கு முன் ஓர் ஐரோப்பிய நிகழ்ச்சிக்கு அவர்கள் நேரப்படி காலை 10 மணிக்குப் பதிவு திறக்கிறது என்று போட்டிருந்தார்கள். நாலரை மணி நேர வித்தியாசம் என்று மனதில் கணக்குப் போட்டு, மத்தியானம் இரண்டே காலுக்கு டீயும் கையுமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பக்கம் திறந்ததும் 'இடங்கள் முடிந்துவிட்டன'. அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்த கோடை நேரம், வித்தியாசம் மூன்றரை மணிதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒன்றரைக்குத் திறந்ததற்கு நான் இரண்டரைக்குக் காத்திருந்திருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. வீட்டில் இன்றைக்கும் ரயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் 'எந்த நேரப்படி?' என்று கேட்பார்கள்.

இந்த வகையில் இன்னும் இரண்டு இடங்களில் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். ஒன்று, கார்டு. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிக்குப் பிறகு, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்துவைத்துத்தான் வரும். வங்கி ஆப்பில் நாமே அதைத் திறக்க வேண்டும். பதிவு நாளன்று அதைத் தேடிக்கொண்டிருந்தால் ஆயிரம் பேர் தாண்டிப் போயிருப்பார்கள். முந்தின வாரமே திறந்து, வரம்பையும் ஏற்றி, ஏதாவது ஒரு வெளிநாட்டுத் தளத்தில் சின்னத் தொகை கட்டிச் சோதித்துவிடுங்கள். இரண்டு, இனிஷியல். நமக்கு அப்பா பேர் ஓர் எழுத்து. அவர்களுடைய படிவத்தில் 'குடும்பப் பெயர்' கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்கே விடாது. அவசரத்தில் ஒருவர் ஊர்ப் பேரைப் போடுகிறார், இன்னொருவர் தன் பேரையே இரண்டு தடவை போடுகிறார். அப்புறம் விசாவுக்கு ஒரு பேர், பதிவில் ஒரு பேர், கிட் வாங்கும் மேசையில் நீட்டும் பாஸ்போர்ட்டில் ஒரு பேர். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் போடுங்கள். பாஸ்போர்ட்டிலேயே சர்நேம் காலி என்றால், பணம் கட்டும் முன்பே அமைப்பாளருக்கு ஒரு மெயில் போட்டு என்ன நிரப்புவது என்று கேட்டு, அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் ஏஜென்ட் விஷயம். பேக்கேஜ் என்ற வழியே மோசடி இல்லை. லெடாப், மரத்தோனா இரண்டிலும் டூர் நிறுவனங்களுக்கு அதிகாரப்பூர்வமாக இடம் ஒதுக்குகிறார்கள். தங்குமிடம், உணவு, சைக்கிள் வாடகையோடு சேர்த்து அவர்கள் விற்கலாம். விலை கூடுதலாக இருக்கும், ஆனால் இடம் உறுதி. அந்த நிறுவனங்களின் பட்டியலை அமைப்பாளரே தன் தளத்தில் போட்டிருப்பார். உங்களிடம் பேசிய ஏஜென்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. 'நான் நேரடியாக இல்லை சார், அங்கே ஒருத்தர் மூலமாக' என்று இழுத்தால் அந்த ஒருத்தர் யார் என்று கேட்டு, அவருக்கே மெயில் போடுங்கள். பதிவு உங்கள் பேரிலேயே நடந்து, உறுதி மெயில் அமைப்பாளரிடமிருந்து உங்களுக்கே வருமா என்றும் கேளுங்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ்., அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம், அதனால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் குழுவில் ஒருவர் இதில் எதையும் கேட்காமல் முன்பணம் கட்டினார். கடைசியில் ஹோட்டல் இருந்தது, விமான டிக்கெட் இருந்தது, பிப் மட்டும் இல்லை. மனுஷன் சாலையோரம் நின்று கைதட்டிவிட்டு வந்தார்.

இன்னொருவர் பேரில் வாங்கிய பிப்பை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒரேயடியாக மறுத்துவிடுங்கள். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பெரும்பாலான நிகழ்ச்சிகளில் அது விதிமீறல், பிடிபட்டால் தடை. அதைவிட முக்கியம், இறக்கத்தில் விழுந்து அடிபட்டால் ஆம்புலன்ஸ்காரர் பார்ப்பது அந்த நம்பருக்கு எதிரே இருக்கும் பேரும் ரத்த வகையும்தான். காப்பீடும் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. அமைப்பாளரே பெயர் மாற்றத்துக்கு வழி வைத்திருந்தால் அது வேறு. ஒரு கட்டணம் கட்டி, குறித்த தேதிக்குள், முறையாக மாற்றிக்கொள்ளலாம்.

நன்கொடை திரட்டி இடம் வாங்குவது இங்கிலாந்தில் பெரிய வழக்கம். லண்டன் ஒலிம்பிக்கின் தொடர்ச்சியாக 2013-ல் தொடங்கிய ரைடு லண்டனில் 100 மைல் பாதைக்குக் குலுக்கலில் விழாதவர்கள், ஏதாவது ஓர் அறக்கட்டளைக்கு இவ்வளவு பவுண்டு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு அதன் ஒதுக்கீட்டில் போனார்கள். மதுரையிலிருந்து இதை நான் பரிந்துரைப்பதில்லை. நம் ஆபீஸில் ஒரு கல்யாண மொய்யே யோசித்து எழுதுகிறவர்களிடம், பெயர் தெரியாத ஓர் ஆங்கிலேய அமைப்புக்குப் பவுண்டில் கேட்டால் எத்தனை பேர் தருவார்கள்? கடைசியில் மீதித் தொகை உங்கள் பையிலிருந்துதான் போகும். போக, அந்த நிகழ்ச்சி 2025-ல் நடக்கவே இல்லை. பழைய வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படும் முன், அடுத்த வருஷம் அது நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

இனி நான் உண்மையிலேயே உங்களிடம் பேச வந்த விஷயம். குலுக்கலும் இல்லை, விரல் வேகமும் இல்லை, ஓட்டிக் காட்டினால் இடம் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் பெரியது பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், சுருக்கமாகப் பிபிபி. 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது. இப்போது பந்தயம் இல்லை, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் நெடும்பயணம். சுமார் 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 2019, 2023, அடுத்தது 2027. நடத்துவது ஓடாக்ஸ் கிளப் பாரிஸியன். இந்தியாவில் அதன் சார்பில் ஓடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் இருக்கிறது, அதன் கீழ் சென்னை, கோவை, பெங்களூரு என்று பல ஊர்களில் கிளப்புகள் பிரெவே நடத்துகின்றன. பிபிபிக்குத் தகுதி, அந்த வருஷத்து எஸ்.ஆர்.: 200 கிலோமீட்டர் பதின்மூன்றரை மணி நேரத்தில், 300 இருபது மணியில், 400 இருபத்தேழு மணியில், 600 நாற்பது மணியில். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்பதுதான் அடிப்படை. கேட்கும்போது சுலபம். ஆனால் டீக்கும் பஞ்சருக்கும் தூக்கத்துக்கும் கடிகாரம் நிற்காது.

பதிவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. 2023-ல் முன்பதிவை எல்லோருக்கும் ஒரே நாளில் திறக்கவில்லை. முந்தின வருஷம், அதாவது 2022-ல், 1000 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓட்டியவர்களுக்கு முதலில் திறந்தார்கள். அப்புறம் 600 ஓட்டியவர்கள், பிறகு 400, 300, 200, கடைசியில்தான் எதுவும் ஓட்டாதவர்கள். அதாவது பிபிபி வருஷத்தில் விழித்துக்கொண்டால் வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். முந்தின வருஷமே 600 ஓட்டிவைத்தவர் நிம்மதியாக இருப்பார். 2027-க்கான விதியைக் கிளப்பின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எப்படி வந்தாலும், முந்தின வருஷத்தில் ஓட்டிய பெரிய தூரம் வீணாகாது, உடம்புக்காவது உதவும்.

இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பிரெவே வருஷம் நவம்பரில் தொடங்குகிறது. ஐரோப்பாக்காரர்கள் பனி விலகும்வரை காத்திருந்து வசந்தத்தில்தான் நீளத் தூரங்களை ஓட்டுவார்கள். நமக்கு டிசம்பர் கடைசி, ஜனவரி, பிப்ரவரி மூன்றும் தங்கமான மாதங்கள். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது. பிப்ரவரிக்குள் நான்கு தூரத்தையும் முடித்துவிட்டால் மார்ச்சில் விசா வேலையைத் தொடங்கலாம். பங்குனி, சித்திரையில் 600 ஓட்டலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கயத்தாறு பக்கம் காற்றாடிகளுக்கு நடுவே மத்தியானம் இரண்டு மணிக்கு எதிர்காற்றில் நின்றவன் சொல்கிறேன். தார் உருகி டயரில் ஒட்டும், பாட்டில் தண்ணீர் வெந்நீராகும்.

முதல் 200-க்கு இப்போதே நீங்கள் தயார் என்றுதான் நினைக்கிறேன். அழகர்கோவில் போய்வர நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அதையே நத்தம் வரை நீட்டி நூறாக்குங்கள். அடுத்து ஒருநாள் விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி ராமேஸ்வரம் வரை ஓட்டி, சைக்கிளை ரயிலிலோ வேனிலோ ஏற்றிக்கொண்டு திரும்புங்கள். ஒரு பக்கம் சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி தாண்டியதும் கடல்காற்று முகத்தில் அடிக்க ஆரம்பிக்கும்; பாம்பன் பாலத்தில் அது பக்கவாட்டில் திரும்பும். அதைத் தாங்கினால் 200 முடிந்த மாதிரிதான். பிரெவேக்கு வரும்போது ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, பளிச்சென்று தெரியும் ரிஃப்ளெக்டர் சட்டை எல்லாம் கட்டாயம். விளக்கு எரியாதவரைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்தியிருக்கிறோம். எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நான்குவழிச் சாலையில் இரவு லாரிகளுக்கு நடுவே அவரை அனுப்பிவிட்டு நான் எப்படி மேசையில் உட்கார்ந்திருப்பது?

நான் ஏன் முடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இடம் கிடைப்பது பாதிக் கதைதான் என்று தெரிவதற்காக. 2019 ஆகஸ்ட் 18, ஞாயிறு மாலை பாரிஸ் அருகே ராம்பூயேயில் புறப்பட்டேன். கால் ஏமாற்றவில்லை, இரவுதான் ஏமாற்றியது. கொடைக்கானலின் டிசம்பர் குளிரை மனதில் வைத்து உடை எடுத்துப் போயிருந்தேன். ஆனால் அங்கே வியர்வையோடு ஏற்றம் ஏறி, அதே ஈரத்தோடு பள்ளத்தில் இறங்கும்போது அடிக்கிற குளிர் வேறு ரகம். பல் கிட்டித்துக்கொண்டு பிரேக் பிடிக்க விரல் மடங்கவில்லை. வழியில் கிராமத்து வீடுகளின் வாசலில் மேசை போட்டு, நடுராத்திரி மூன்று மணிக்கும் காப்பியும் ரொட்டியும் தருகிறார்கள், காசு வாங்குவதில்லை. அழகர் வரும் வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போடும் ஊரில் பிறந்தவனுக்கு அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. ஒரு பந்தலில் கணப்புப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தேன், கண்விழித்தபோது இரண்டு மணி நேரம் போயிருந்தது. பிரெஸ்ட் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில் லூடியாக் என்ற ஊரில், 780 கிலோமீட்டர் சுமாரில், நேரம் கடந்து அட்டையை ஒப்படைத்தேன். இந்தியாவிலிருந்து அந்த வருஷம் போனவர்களில் முடிக்காதவர்களே அதிகம். நான் பேசியவர்களில் முக்கால்வாசிப்பேர் சொன்ன காரணமும் குளிரும் தூக்கமும்தான்.

ஜல்லிக்கட்டு டோக்கன் ஞாபகம் வருகிறதா? ஆன்லைனில் பதிந்து டோக்கன் கையில் இருந்தாலும், காலையில் மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் வாடிவாசல் முன் நிற்க முடியும். வெளிநாட்டு நிகழ்ச்சிக்கு அந்தப் பரிசோதனை, விசா. பதிவு உறுதி மெயிலோ அமைப்பாளர் தரும் அழைப்புக் கடிதமோ விசாவுக்கு உத்தரவாதம் இல்லை, ஓர் ஆதாரம் மட்டும்தான். ஷெங்கன் விசாவுக்கு, அதாவது பிரான்ஸ், இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாவுக்கு, பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளாவது முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும், முடிவு 45 நாள்வரைகூட இழுக்கலாம். ஜூலை, ஆகஸ்டு பயணத்துக்கு மே மாதம் அப்பாயின்ட்மென்ட் தேடினால் கோடை விடுமுறைக் கூட்டத்தோடு மோத வேண்டிவரும். ராத்திரி பாண்டியனைப் பிடித்துக் காலையில் எழும்பூரில் இறங்கி, கைரேகை கொடுத்துவிட்டு அன்று இரவே திரும்பிவிடலாம்; அந்த ஒரு தேதி கிடைப்பதுதான் பாடு. வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, விடுப்புக் கடிதம் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் மறுக்கப்பட்டவர்கள் உண்டு, அரைகுறையாகக் கொடுத்துக் கிடைத்தவர்களும் உண்டு. அதிகாரியின் மனதை யாரும் கணித்துச் சொல்ல முடியாது, எந்த ஏஜென்ட்டும் உட்பட. இத்தாலிய நிகழ்ச்சிகளுக்கு மருத்துவச் சான்றும் தனியாக வேண்டும், அவர்கள் தரும் படிவத்திலேயே உங்கள் டாக்டரிடம் வாங்குங்கள். நாற்பது தாண்டியவர் என்பதால், படிவத்துக்காக இல்லாவிட்டாலும் ஒரு இதயப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்கு மேல் உடம்பைப் பற்றிச் சொல்ல நான் டாக்டர் இல்லை.

கடல் தாண்டாமலும் ஒரு வழி உண்டு. 2008-லிருந்து டிசம்பரில் நடக்கும் டூர் ஆஃப் நீலகிரிஸ். பெங்களூரு அமைப்பு ஒன்று நடத்துகிறது, ஒரு வாரத்துக்கு மேல் பயணம், கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று சுற்றும். இடங்கள் குறைவு, விண்ணப்பித்தவர்களிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள்; இதுவரை என்ன ஓட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அங்கேயும் உங்கள் பிரெவே அட்டைகள் பேசும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டிவிட்டு வந்தவர், டோலமைட்டை அவ்வளவு பெரிதாகப் பேசமாட்டார்.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஏஜென்ட்டிடம் இந்த வருஷம் பணம் கட்டமாட்டேன். அவர் அமைப்பாளர் பட்டியலில் இருந்து, தொகையும் கையைக் கடிக்காது என்றால் மட்டும் யோசிப்பேன். மரத்தோனாவுக்கு வருஷா வருஷம் பேர் கொடுத்துக்கொண்டே இருப்பேன், விழுந்தால் விழட்டும். வருகிற நவம்பரில் முதல் 200-க்குப் பேர் கொடுத்துவிடுவேன். அதற்குக் குலுக்கல் இல்லை.

மகள் விஷயத்தை மறக்கவில்லை. பேரறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்ட அளவில் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடக்கும். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து, மாணவர், மாணவியருக்குத் தனித்தனியாக. தூரம் மாணவியருக்கு 10 முதல் 15 கிலோமீட்டர்தான். அறிவிப்பு செப்டம்பர் தொடக்கத்தில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சின்னதாக வரும், கண்ணில் படாமல் போய்விடும். ரேஸ்கோர்ஸில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஆகஸ்டு கடைசியிலேயே கேட்டு வையுங்கள். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட வயதுச் சான்று வேண்டும். சைக்கிள் இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் கூடாது. உங்கள் கியர் சைக்கிளை அவளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பள்ளிக்கு ஓட்டிப் போகும் சைக்கிளே போதும். சீட்டை இரண்டு விரல்கடை உயர்த்தி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பின் பிரேக் கட்டையை மாற்றிக் கொடுங்கள்.